தொண்ணூறு நொடி

வின்னிபெக்கில் பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில்
எனக்கொரு நாற்காலி, கால்பெடல், ஹெட்போன்,
ஒரெஸ்ட் விட்டுப்போன விசைப்பலகை.

பத்தொன்பது வருஷம் இதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.
மணிக்கட்டு போனது, பென்ஷன் வந்தது,
கிம்லியில் ஏரியைப் பார்த்த வீட்டுக்குப் போய்விட்டார்.
தேய்ந்து எழுத்தே இல்லாத நாலு விசைகள்.
கணினிக்குள் அறுபத்து மூன்று ஷார்ட்கட்.
எது எதற்கென்று ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

டாக்டர்கள் படம் பார்த்து முணுமுணுப்பதை
நான் எழுத்தாக்க வேண்டும்.
முதல் இரவு, சேமிக்கலாமென்று
கன்ட்ரோலோடு எஸ்ஸைத் தட்டினேன்.
"இடது சிறுநீரகம் இயல்பான அளவில் உள்ளது"
யாரோ ஒருவரின் உடைந்த முழங்கைக்கு நடுவே வந்து விழுந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிடு,
ஒரே பொத்தான்தானே என்றாள் லோரெய்ன்.
பொத்தான் வரைக்கும் போனேன்.
பிறகு, அடுத்தவர் அடுப்படியில் புளி தேடுகிறவளைப்போல
ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன்.

எஃப் நாலில் நுரையீரல் தெளிவு.
எஃப் ஆறில், ஒப்பிடப் பழைய படம் இல்லை.
ஆல்ட்டோடு கே:
வலது என்று சொல்லி இடதைக் காட்டும்
டாக்டர் சிகுர்ட்சனின் வாக்கியங்களை மட்டும்
மஞ்சளாக்கி வைக்கும்.
கன்ட்ரோல், ஷிப்ட், ஜே: ஹாக்கி ஸ்கோர்.

குறுக்குவழி.
நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கே ஒரு திருட்டு முழி உண்டு.
வரிசையில் நிற்காதவன், பரீட்சைக்குப் பிட் கொண்டுபோனவன்.
இந்த மனிதர் ஒவ்வோர் இரவும்
நாலாயிரம் தட்டலாவது மிச்சம் பிடித்திருப்பார்.
அப்படியும் மணிக்கட்டு மிஞ்சவில்லை.

ஃபைல் வராத நேரத்தில் தமிழில் ஏதாவது எழுதுவேன்.
மொழி மாற்ற எனக்கு எஃப் பன்னிரண்டு வேண்டும்,
வீட்டுக் கணினியில் விரல் பழகிய இடம்.
"இந்த விசை ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. மாற்றவா?"

என்னதான் பயன்பாடு என்று அழுத்தினேன்.
திரை செத்தது. காதில் குரலும் நின்றது.
கெடுத்துவிட்டேன் என்று போனை எடுத்து
யாரைக் கூப்பிடுவதென்று தேடிக்கொண்டிருக்கையில்
தானாகவே விழித்துக்கொண்டது,
விட்ட இடத்தில் சிமிட்டிக்கொண்டு.
உள்ளே போய்ப் பார்த்தேன். மூன்றே கட்டளைகள்:
சேமி.
திரையை அணை.
தொண்ணூறு நொடி காத்திரு.

காப்பிக்குப் போதாது.
கழிவறைக்கு நடக்கவே இரண்டு நிமிஷம்.
வேலை ஓடவேண்டுமென்று அறுபத்திரண்டு விசை வைத்தவர்
இதை ஏன் வைத்தார்?
மாற்றவா என்ற கேள்வியை அப்படியே மூடினேன்.

மார்ச்சில் ஒரு வியாழன், அதிகாலை மூன்று பத்து.
கடகடவென்று பேசும் சிகுர்ட்சன் அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.
இடது என்றார். படத்திலும் இடதுதான்.
வயது நான்கு. பெயர் எனக்கு வராது, எண் மட்டும்தான்.
மில்லிமீட்டரில் மூன்று அளவுகள்.
பெற்றோர் வெளியே இருக்கிறார்கள், இன்னும் சொல்லவில்லை என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
அதை எழுத வேண்டாம் என்றார்.

முற்றுப்புள்ளி வைத்தேன்.
இரண்டு நொடியில் அடுத்த குரல் தானாகத் தொடங்கிவிடும்,
யாருடைய கணுக்காலோ.
என் விரல் எஃப் பன்னிரண்டில் இருந்தது.

இருட்டு.
சுவருக்கு அந்தப் பக்கம் சலவை யந்திரம்
படுக்கை விரிப்புகளைப் புரட்டிப் புரட்டிப் போட்டது.
நாற்பது வரை எண்ணினேன்.

சிறுநீரகத்தை வேறு விசைக்கு மாற்றிவிட்டேன்.
கன்ட்ரோல் எஸ் இப்போது சேமிக்கிறது.
தமிழ் எஃப் பதினொன்றில். இன்னும் பழகவில்லை.
அவசரத்தில் விரல் ஒரு கட்டம் தாண்டிவிடும்,
வரியின் நடுவே திரை அணைந்துவிடும்.
உட்கார்ந்திருப்பேன்.
சற்றுமுன்கூட, அந்தக் கணுக்காலுக்குப் பிறகு,
அப்படித்தான்.